குழந்தையின் தட்டில் எவ்வளவு வைப்பது? முதல்முறை பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் இரவு, மாவு நிறுக்க வாங்கி வைத்திருந்த சின்னத் தராசை எடுத்து, என் தட்டில் போட்டுக்கொண்ட சோற்றையும் அவள் தட்டில் நான் போட்ட சோற்றையும் நிறுத்துப் பார்த்தேன். எனக்கு 190 கிராம், அவளுக்கு 130. அவளைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் எடை நான். அந்த 130 கிராமில் பாதியை அவள் மிச்சம் வைக்கிறாள் என்று தினமும் புலம்பியதும் நான்தான். குழந்தை சரியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கரண்டி பிடித்த கைதான் கணக்குத் தப்பியிருந்தது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மிச்சம் வைக்கிற குழந்தையால் ஒரு வசதி உண்டு, நம் தவறு தட்டிலேயே தெரிந்துவிடும். வைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிடுகிற குழந்தையிடம் அது தெரியவே தெரியாது, "நல்லா சாப்பிடுது" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அளவைக் கூட்டிக்கொண்டு போவோம். அதனால் உங்கள் குழந்தை எந்த வகையாக இருந்தாலும் கீழே உள்ளவை பொருந்தும். ஒன்றரை வயதிலிருந்து ஆறு, ஏழு வயது வரை உள்ள, உடல்நலம் சாதாரணமாக உள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். இன்னும் சின்னக் குழந்தைகளுக்கான அளவை இடையில் ஓர் இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: அளவு கூடினால் என்ன ஆகிறது

குழந்தைக்குப் பசித்தால் சாப்பிடும், வயிறு நிறைந்தால் நிறுத்தும், நாம் எவ்வளவு வைத்தால் என்ன என்று தோன்றும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ், லியான் பிர்ச் ஆகியோர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் சீஸ் மக்ரோனியைச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவில் வெவ்வேறு நாட்களில் கொடுத்தார்கள். மூன்று வயதுக்காரர்கள் எந்த அளவில் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுக்காரர்கள், தட்டில் கூடக்கூட, தாங்களும் கூடச் சாப்பிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு "மூன்று வயது வரை கவலையில்லை" என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி நிற்கவில்லை. 2007இல் ஜெனிஃபர் ஃபிஷர் 2-3, 5-6, 8-9 என்று மூன்று வயதுக் குழுக்களை ஒப்பிட்டபோது, இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளும் பெரிய அளவு வைத்த நாளில் கூடுதலாகவே சாப்பிட்டார்கள், வயது பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது 2003இல் வந்த ஆய்வு. நான்கு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு, அவர்கள் வயதுக்குத் தகுந்த அளவைப் போல இரண்டு மடங்கு வைத்தபோது, அந்த முக்கிய உணவை 25 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டின் மொத்தக் கலோரி 15 சதவீதம் ஏறியது. எப்படி ஏறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு வாயும் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். அளவு மாறியதைக் குழந்தைகள் பெரிதாகக் கவனித்ததாகவும் தெரியவில்லை. தட்டு நிறைய இருந்தால் நாமும் கவளத்தைப் பெரிதாகத்தானே உருட்டுகிறோம்.

ஒரு வேளை கூடச் சாப்பிட்டால் அடுத்த வேளை குறைத்துக்கொள்ளாதா? இதற்கும் பதில் இருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து ஐந்து நாட்கள் எல்லா உணவையும் பாலையும் வழக்கத்தைவிட 50 சதவீதம் கூடுதலாகப் பரிமாறினார்கள். சாப்பிட்ட உணவின் எடை 16 சதவீதமும் கலோரி 18 சதவீதமும் கூடின. ஐந்து நாளில் குழந்தைகள் தாங்களாகவே சரிக்கட்டிக்கொள்ளவில்லை.

அதாவது குழந்தைக்குள்ளே ஓர் அளவுகோல் இருப்பது உண்மை, ஆனால் நாம் வைக்கும் குவியல் அதை மெல்ல இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் குவியலைச் சின்னதாக்கிவிட்டு, எவ்வளவு வேண்டும் என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுவதுதான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போவது. கேட்க எளிது, செய்யும்போது நம் கை சும்மா இருக்காது.

முதல் படி: வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி

தராசு, கலோரி அட்டவணை எதுவும் வேண்டாம். 15 மில்லி பிடிக்கும் மேசைக்கரண்டி ஒன்று போதும். மாவு அளக்கும் கரண்டித் தொகுப்பில் பெரிதாக இருக்குமே, அதுதான். குழந்தை மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் தோராயக் கணக்கு இது: ஒவ்வொரு வகை உணவிலும், குழந்தையின் ஒரு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. இரண்டு வயதுக் குழந்தைக்குச் சோறு இரண்டு கரண்டி, காய் இரண்டு கரண்டி, மசித்த பயறோ இறைச்சியோ இரண்டு கரண்டி. மூன்று வயதென்றால் மூன்று மூன்று.

முதல் தடவை அளந்து தட்டில் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். "இவ்வளவுதானா, யாராவது பார்த்தால் பட்டினி போடுகிறோம் என்று நினைப்பார்கள்" என்று கை தானாக இன்னொரு கரண்டி எடுக்கும். எடுக்காதீர்கள். இது தொடக்க அளவு. இத்தோடு முடிந்தது என்று அர்த்தமில்லை, கேட்டால் மறுபடியும் போடப்போகிறோம். அதே சமயம், இதைக் கட்டாயம் முடித்தாக வேண்டும் என்கிற இலக்கும் இல்லை. இந்த இரண்டையும் மறந்துவிட்டால் கரண்டிக் கணக்கு வெறும் தொல்லையாகிவிடும்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு வேளைக்கான மொத்த அளவாகச் சொல்வது வேறு மாதிரி. ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும்போது இரண்டு மூன்று மேசைக்கரண்டி, எட்டு மாதத்துக்குள் மெல்ல 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை. 9 முதல் 11 மாதம் வரை அரைக் கிண்ணம். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை முக்கால் முதல் ஒரு கிண்ணம். வேளைகள் முதலில் இரண்டு மூன்று, பிறகு மூன்று நான்கு, அப்புறம் இடையில் சிற்றுணவு, கூடவே தாய்ப்பால். மேசைக்கரண்டிக் கணக்கோடு இது இடிக்கிறதே என்று நினைக்கலாம். ஒன்று தட்டில் முதலில் வைப்பது, ஒவ்வொரு வகைக்கும் தனியாக. மற்றது மறுபடி மறுபடி போட்டதையும் சேர்த்து ஒரு வேளையில் உள்ளே போகக்கூடிய மொத்தம். இந்த வயதில் அளவைவிட உணவின் கெட்டித்தன்மை முக்கியம். தண்ணீராகக் கரைத்த கஞ்சி வயிற்றை நிரப்பிவிடும், சத்து கொஞ்சம்தான் போய்ச் சேரும். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கிற பதம் இருக்கட்டும். கைக்குழந்தைக்கு எதையும் குறைக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையை எடுத்துக்கொள்ள வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக் கேட்கக் கேட்கக் கொடுப்பதுதான் அங்கேயும்.

இரண்டாம் படி: தட்டை மாற்றுங்கள்

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் பலன் தினமும். பெரியவர்கள் சாப்பிடும் தட்டில் மூன்று கரண்டி உணவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும், இடத்தை நிரப்பத்தான் தோன்றும், நமக்கும் சரி குழந்தைக்கும் சரி. 2013இல் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், அவர்களே பரிமாறிக்கொள்ளும்படி விட்டார்கள். பெரியவர் தட்டும் கிண்ணமும் கொடுத்த நாட்களில் சராசரியாக 90 கலோரி கூடுதலாக எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்படிக் கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு 100 கலோரியிலும் ஏறக்குறைய 43 வயிற்றுக்குள் போனது, மீதி தட்டிலேயே கிடந்தது.

அதனால் 15 முதல் 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்னத் தட்டு, கைக்கு அடங்கும் கிண்ணம், 120 மில்லி பிடிக்கும் டம்ளர். கார்ட்டூன் படம், அறைகள் பிரித்த தட்டு, உறிஞ்சிப் பிடிக்கும் அடிப்பாகம் எல்லாம் உங்கள் விருப்பம். நான் அதற்கெல்லாம் செலவழித்தேன், கடைசியில் வீட்டிலிருந்த பழைய சாஸர்தான் நிலைத்தது.

மூன்றாம் படி: எடுத்துப் போடும் வேலையைக் குழந்தைக்குக் கொடுங்கள்

மேலே சொன்ன 2003 ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பெரிய அளவைத் தட்டில் போட்டுக் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டபோது குழந்தைகள் அந்த உணவை 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். யாரும் தடுக்காமல், யாரும் கண்ணை உருட்டாமல்.

இரண்டரை, மூன்று வயதில் தொடங்கலாம். சிந்தும், நிறையவே சிந்தும். முதல் வாரம் மட்டும் கீழே ஒரு பழைய துணி விரித்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தை அப்படியே முன்னால் வைக்க வேண்டாம், ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் மாற்றி, சின்னக் கரண்டி போட்டு வையுங்கள். சூடாக இருப்பதையும் குழம்பாக ஓடுவதையும் நீங்களே பரிமாறுங்கள், நறுக்கிய காய், பழத்துண்டு, சோறு, ரொட்டித் துண்டு இவையெல்லாம் குழந்தை எடுக்கட்டும். "எவ்வளவு வேணும்?" என்று கேட்டால் சின்னக் குழந்தைக்குப் பதில் தெரியாது, "நிறைய!" என்றுதான் வரும். "முதலில் ஒரு கரண்டி போட்டுச் சாப்பிட்டுப் பார், வேண்டுமானால் அப்புறம் இன்னொன்று" என்று சொன்னால் புரியும்.

முதல் சில நாட்கள் குவித்துக்கொள்வார்கள். இது கரண்டி கையில் கிடைத்த குஷி, பேராசை என்று நினைத்துத் திட்ட வேண்டாம். என் மகள் முதல் நாள் பட்டாணியை மட்டும் ஏழு கரண்டி போட்டாள், மூன்று பட்டாணி சாப்பிட்டாள், மீதியை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாரம் கை தானாக இறங்கியது. இந்த இரண்டு வாரத்தைப் பொறுக்க முடியாமல்தான் பலர் கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அதே சமயம் இதை மந்திரமாகவும் நினைக்க வேண்டாம். தட்டு பெரிதானால் குழந்தை தானாகவே கூட எடுக்கும் என்று சற்று முன்னால்தான் பார்த்தோம், ஆகவே இரண்டாம் படியைச் செய்யாமல் மூன்றாம் படிக்கு வராதீர்கள்.

நான்காம் படி: "இன்னும்" என்றால் கொடுங்கள், "போதும்" என்றால் எடுத்துவிடுங்கள்

எலின் சாட்டர் என்கிற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980களில் ஒரு வேலைப் பிரிவினை சொன்னார், இன்றைக்கும் குழந்தை உணவு பற்றிப் பேசுகிறவர்கள் அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு. நம் வேலையை நாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, அதன் வேலையில் கை வைக்காமல் இருப்பது.

"இன்னும்" என்பது சிலருக்குப் பயமாக இருக்கும், குறிப்பாகக் குழந்தை கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால். ஆனால் வெளிப்படையாகத் தடுப்பது எதிர்த்திசையில் வேலை செய்யும். 1999இல் ஃபிஷரும் பிர்ச்சும் செய்த சோதனையில், கண்ணெதிரே வைத்துக்கொண்டே தொடவிடாமல் வைத்திருந்த தின்பண்டத்தின் மேல்தான் குழந்தைகளுக்கு ஆசை கூடியது. நான் செய்வது என்னவென்றால், மறுபடி கேட்கும்போது முதலில் போட்டதில் பாதியைப் போடுவேன், கூடவே தட்டில் இருக்கும் மற்ற உணவையும் நீட்டுவேன். மூன்றாவது தடவை கேட்டாலும் அப்படியே. உண்மையான பசியாக இருந்தால் சாப்பிடுவாள், வாய்க்கு ருசி மட்டும் என்றால் பாதி வழியில் எழுந்து ஓடிவிடுவாள்.

அடுத்தது "போதும்". பேசத் தெரியாத குழந்தையும் இதைச் சொல்லும். முகத்தைத் திருப்பும், வாயை இறுக்கி மூடும், கரண்டியைத் தள்ளும், மெல்லும் வேகம் குறையும், உணவை எடுத்துக் கீழே போட்டு அது விழுவதைப் பார்க்கும். கடைசியாகச் சொன்னதை நாம் குறும்பு என்று நினைக்கிறோம், பெரும்பாலும் அது "முடிந்தது" என்பதன் அறிவிப்பு. போன் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தையிடம் இந்த அறிகுறிகள் எதுவும் வராது, வந்தாலும் ஊட்டுகிறவர் கண்ணில் படாது. திரையை அணைக்காமல் மற்ற படிகளைச் செய்வதில் பலன் ரொம்பக் குறைவு.

"ஒரே ஒரு வாய்" என்பதை விட்டுவிடுங்கள்

இதைப் படி என்று எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, ஏனென்றால் இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, செய்யாமல் இருப்பதுதான் வேலை. எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்ததும் இதுதான். தட்டைக் காலி செய்தால்தான் எழுந்திருக்கலாம், கடைசி ஒரு வாய், இதை முடித்தால் இனிப்பு. இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம், வாயில் தானாக வரும்.

2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிறு குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது மட்டும் "சூப்பை முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த வற்புறுத்தல் இல்லாத சூப்பைத்தான் குழந்தைகள் கூடுதலாகக் குடித்தார்கள், வற்புறுத்திய சூப்பைப் பற்றி முகம் சுளிக்கும் பேச்சும் அதிகம் வந்தது. அதற்கு முன்பே 1987இல் பிர்ச் குழுவினர் காட்டியது இன்னும் யோசிக்க வைக்கும். வயிறு என்ன சொல்கிறது என்று கவனிக்கப் பழக்கிய குழந்தைகள், முதலில் கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருந்தால் அடுத்ததைக் குறைத்துக்கொண்டார்கள். தட்டில் எவ்வளவு மிச்சம், முடித்தால் என்ன பரிசு என்று பார்க்கப் பழக்கியவர்களிடம் அந்தச் சரிக்கட்டல் காணாமல் போயிருந்தது.

உணவு வீணாகிறதே என்ற வருத்தம் நியாயமானது. அதற்கு மருந்து முதல் படியிலேயே இருக்கிறது, கொஞ்சமாக வைத்தால் வீணாவதும் கொஞ்சம்தான். பாத்திரத்தில் தொடாமல் இருப்பது அடுத்த வேளைக்கு ஆகும், எச்சில் பட்டது மட்டும்தான் போகும்.

ஐந்தாம் படி: பெரிய அளவை உங்கள் பக்கம் திருப்புங்கள்

கூட வைத்தால் கூடச் சாப்பிடுவார்கள் என்பது சீஸ் மக்ரோனிக்கு மட்டுமா உண்மை? காய்க்கும் உண்மைதான், சில நிபந்தனைகளோடு. 2010இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு, மதியச் சாப்பாடு வருவதற்கு முன்னால், பச்சைக் கேரட்டை மட்டும் தனியாக வைத்தார்கள். ஒரு நாள் 30 கிராம், ஒரு நாள் 60, ஒரு நாள் 90. முப்பதிலிருந்து அறுபதுக்கு ஏற்றியபோது சாப்பிட்ட கேரட் 47 சதவீதம், அதாவது சுமார் 12 கிராம் கூடியது. தொண்ணூறுக்கு ஏற்றியதில் மேற்கொண்டு பலன் இல்லை. முன்னால் கேரட் தின்றதால் சாப்பாட்டோடு வந்த பிராக்கோலியைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை, மொத்தக் காய் கூடத்தான் செய்தது.

12 கிராம் என்பது இரண்டு மூன்று துண்டுதான் என்று சிரிக்கலாம். தினமும் இரண்டு மூன்று துண்டு, கெஞ்சாமல் கொஞ்சாமல், என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் இதைச் செய்ய ரொம்ப வசதியான நேரம் ஒன்று இருக்கிறது. சமையல் முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கும், குழந்தை காலைச் சுற்றிக்கொண்டு "பசிக்குது" என்று அழும், நாம் பிஸ்கட் டப்பாவைத் திறப்போம். அந்த நேரத்தில் பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த கேரட்டோ வெள்ளரித் துண்டோ ஒரு கிண்ணம் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பக்கத்தில் வேறு போட்டி உணவு இருக்கக் கூடாது, அதுதான் சூட்சுமம். பசியும் தனிமையும் சேர்ந்தால் காய்க்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

பழமும் அப்படியே. 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் 2012இல் செய்த ஆய்வில் இரவுச் சாப்பாட்டோடு வைத்த பழத்தையும் காயையும் இரண்டு மடங்காக்கியபோது இரண்டையுமே கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆனால் இந்த வித்தை ஏற்கெனவே பிடித்த, அல்லது வெறுக்காத உணவுக்குத்தான். பிடிக்காத காயைக் குவித்து வைத்தால் அது மிரட்டல். புது உணவென்றால் நேர்மாறாகச் செய்யுங்கள், பட்டாணி அளவு ஒரே துண்டு, தட்டின் ஓரத்தில். தொட்டுப் பார்க்கட்டும், நக்கட்டும், துப்பட்டும். ஒரு உணவை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவை வரை பார்க்கவும் ருசிக்கவும் வேண்டியிருக்கலாம். நாம் மூன்றாவது தடவையிலேயே "இதுக்கு பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். ஒரு துண்டாக வைத்தால் பதினைந்து தடவை வைப்பதும் பெரிய நஷ்டம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஆய்வில் பச்சைக் கேரட் என்பதற்காக இரண்டு வயதுக் குழந்தைக்கு உருண்டையாக வெட்டித் தராதீர்கள், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். நான்கு வயதுக்குக் கீழே என்றால் கெட்டியான காயை மெத்தென்று வேகவைத்தோ துருவியோ கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், முழுக் கொட்டைகள் வேண்டவே வேண்டாம். சாப்பிடும்போது உட்கார்ந்து சாப்பிடட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

ஆறாம் படி: கணக்கில் வராத பாலும் தின்பண்டமும்

"ஒன்றுமே சாப்பிடவில்லை" என்று சொல்லப்படும் குழந்தையின் ஒரு நாளை உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் பால்தான் மாட்டும். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு ஏறக்குறைய 500 முதல் 700 மில்லி பால் போதும். அதைத் தாண்டினால் பசி செத்துவிடும், நாளடைவில் இரும்புச்சத்துக் குறைவும் வரலாம். பாலைச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுங்கள், புட்டியில் நாள் முழுக்கச் சப்பிக்கொண்டு திரிய விடாதீர்கள். ஜூஸ் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் சொன்ன உச்ச அளவு: ஒரு வயதுக்குள் கூடாது, ஒன்று முதல் மூன்று வயது வரை 120 மில்லி, நான்கு முதல் ஆறு வயது வரை 120 முதல் 180 மில்லி. இது தரவேண்டிய அளவு இல்லை, தாண்டக் கூடாத அளவு. பழத்தையே கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

தின்பண்டத்தைப் பாக்கெட்டோடு கையில் கொடுக்காதீர்கள். கிண்ணத்தில் கொட்டிக் கொடுங்கள், பாக்கெட்டைக் கண்ணில் படாமல் மூடி வையுங்கள். சாப்பாட்டுக்கும் சிற்றுணவுக்கும் நடுவே இரண்டு, இரண்டரை மணி நேரம் தண்ணீர் மட்டும்.

ஏழாம் படி: ஒரு வேளையைப் பார்க்காமல் ஒரு வாரத்தைப் பாருங்கள்

1991இல் பிர்ச் குழுவினர் 2 முதல் 5 வயதுள்ள 15 குழந்தைகள் ஆறு நாட்கள் முழுக்கச் சாப்பிட்டதை அளந்தார்கள். ஒரு குழந்தையின் ஒரு வேளைக்கும் அதே குழந்தையின் இன்னொரு நாள் அதே வேளைக்கும் உள்ள ஏற்ற இறக்கம் சராசரியாக 34 சதவீதம் போல இருந்தது. ஆனால் நாள் மொத்தத்தை எடுத்துக்கொண்டால் ஏற்ற இறக்கம் 10 சதவீதம்தான். காலையில் தொடாதது மாலையில் சரியாகிவிடுகிறது. எனவே ஒரு இரவு தட்டை அப்படியே தள்ளிவிட்டால் அது செய்தியே இல்லை.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இது யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. முதல் ஆண்டில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப் போல மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டு முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் மெதுவாகும். முதல் பிறந்தநாள் முடிந்ததும் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே சாப்பிட்டுச்சு" என்று பயந்து அளவைக் கூட்டுவது சரியாக இந்த நேரத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கலோரி வேண்டாம், எந்த நேரத்தில் என்ன, எத்தனை கரண்டி, குழந்தை கேட்டதா நீங்கள் கொடுத்ததா, அவ்வளவு போதும். கடைசிக் கேள்வியின் பதில்தான் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

எழுதிய தாளை வைத்து நீங்களே முடிவு செய்யக் கூடாத சில சமயங்களும் உண்டு. வளர்ச்சி அட்டவணையில் எடைக் கோடு முன்பிருந்த பாதையை விட்டு இறங்கினாலோ திடீரென்று மேலே ஏறினாலோ, சாப்பிடும்போது அடிக்கடி இருமல், ஓங்கரிப்பு, வலி, வாந்தி இருந்தாலோ, ஏற்றுக்கொள்ளும் உணவுகளின் பட்டியல் மாதா மாதம் சுருங்கிக்கொண்டே போனாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, வேறு நோய்க்குச் சிகிச்சையில் உள்ள குழந்தை ஆகியோருக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான் அளவு, இங்கே படித்ததைக் கொண்டு குறைக்காதீர்கள்.

மற்றவர் கைகள்

நீங்கள் மட்டும் மாறினால் வேலை பாதிதான் முடியும். தாத்தா, பாட்டி, பார்த்துக்கொள்கிறவர், பகல்நேரக் காப்பகம், எல்லோர் கையிலும் ஒரு கரண்டி இருக்கிறது, அது பெரும்பாலும் அன்பில் ஊறிய பெரிய கரண்டி. ஆய்வு, சதவீதம் எல்லாம் பேசி ஜெயிக்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். "ஏன் இவ்வளவு போடுறீங்க" என்று கேட்டால் சண்டைதான் வரும். "கொஞ்சமாப் போட்டா அவளே திரும்பக் கேக்கிறாள், கேட்டு வாங்கிச் சாப்பிட்டா அவளுக்குச் சந்தோஷம்" என்று சொல்லிப் பாருங்கள், குழந்தை இன்னும் வேண்டும் என்று கையை நீட்டுவதைப் பார்ப்பதைவிட ஒரு பாட்டிக்கு வேறென்ன வேண்டும். என் அம்மா இப்போது ஒரு கரண்டி போட்டுவிட்டு அவள் கேட்பதற்காகக் காத்திருக்கிறார், சில நாள் கேட்கிறாள், சில நாள் இறங்கி ஓடிவிடுகிறாள். காப்பகத்துக்குக் கொடுத்தனுப்பும் டப்பாவில் அந்த 15 மில்லி கரண்டியையே போட்டுவிடுகிறேன், அங்கே யாரும் அளந்து பார்ப்பதில்லை, ஆனால் கையில் கிடைக்கும் கரண்டியால்தானே எடுத்துப் போட்டாக வேண்டும்.